ரோசாலியின் தலையில் ஊர்ந்த பக்கங்கள்

1932ஆம் ஆண்டு தவக்காலத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, எட்டு வயது ரோசாலி தன் பிரெஞ்சு வாசிப்புப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தை ஒரு பிழையும் இல்லாமல் படித்து முடித்தபோது, அந்தப் பக்கத்தின் எழுத்துகள் எல்லாம் எழுந்து வரிசையாக அவள் தலைமுடிக்குள் போய்விட்டன. மூலையிலிருந்த பக்க எண் மட்டும் மிச்சமாக நின்றது. அதை அவள் படிக்கவில்லை. வகுப்பின் முப்பத்தொரு பெண்பிள்ளைகளில் இருபத்தெட்டுப் பேர் இதைப் பார்த்தார்கள். மற்ற மூன்று பேர் அம்மை போட்டு வீட்டிலிருந்தார்கள். ஆசிரியையான மதாம் தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார். பன்னிரண்டும் வெளுத்தது. பிறகு பதின்மூன்று. மணி அடிப்பதற்குள் பதினெட்டு வரை போய்விட்டது. அதற்குமேல் சோதித்துப் பார்க்க மதாமுக்குத் துணிவில்லை. இத்தனைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே உச்சரிப்பு சுத்தமான பிள்ளை ரோசாலிதான். ஆய்வாளர் வந்தால் அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவள் படிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதுபோல இருக்கும் என்று ஓர் ஆய்வாளர் சொல்லியிருந்தார். படித்தது என்னவென்று அவரும் கேட்டதில்லை, மதாமும் கேட்டதில்லை.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ரயிலடிக்குப் போகும் சந்தில் அவர்கள் வீடு. தாய் ஆரோக்கியம் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பிரெஞ்சு நீதிபதி வீட்டுச் சமையலறையில் எடுபிடி வேலை செய்தாள். கால் தரிக்காதவள் என்று பெயர். உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. கோயிலில் பிரசங்க நேரத்தில்கூட கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். ஒரு மொழியிலும் அவளுக்கு எழுத்து தெரியாது. பேச்சில் தெரிந்த பிரெஞ்சு நாற்பத்திரண்டு சொற்கள். அவை எல்லாம் தின்னக்கூடியவை, கழுவக்கூடியவை, அல்லது அவளைத் திட்டக்கூடியவை. அன்று சாயங்காலம் பிள்ளை ஓயாமல் தலையைச் சொறிவதைப் பார்த்து, வெள்ளைத் துணியை விரித்துப் பேன்சீப்பால் வாரினாள். கறுப்பாகக் கொட்டியது. பேன் என்று நினைத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். மை ஒட்டியது. ஆறு உருப்படிகளை நசுக்கி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். அவள் அண்ணன் தபாலாபீசில் பை தூக்குபவன். அந்த வகையில் அவளுக்குச் சில எழுத்துகள் முகப்பழக்கம்.

"ஐயோ, நசுக்காதடி! இது பேனு இல்ல, எழுத்து. தோ பாரு, இது எம்மு. மூணு காலு இருக்குது பாரு" என்றாள் ஆதிலட்சுமி.

அந்த ஆறு எழுத்துகள் போனது போனதுதான். மீதியை ஆரோக்கியம் நீதிபதி வீட்டிலிருந்து வந்த பழைய பிஸ்கோத்து டப்பாவில் வாரிப் போட்டு மூடினாள். உள்ளே தகரத்தைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தகப்பன் மிக்கேல் மில்லில் நூற்புப் பிரிவில் வேலை செய்தான். இருட்டோடு சங்கு ஊதியதும் போனவன் இருட்டிய பிறகு, வழுக்கை விழுந்த தலையில் பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டிருக்க வீட்டுக்கு வருவான். மில் இரைச்சலில் பேசிப் பேசி அவனுக்கு மெல்லப் பேசவே வராது. ரோசாலி பெரியவளாகிப் பள்ளிக்கூடத்து மதாம் ஆக வேண்டும் என்பது அவன் எண்ணம். அவள் படிப்பதை வாரத்துக்கு ஒருநாள் கேட்பான். எவ்வளவு வேகமாகப் படிக்கிறாளோ அவ்வளவு மகிழ்ச்சி. நடந்ததைக் கேட்டதும் அவன் சொன்ன மருந்து ஒன்றுதான். "மெதுவா படிச்சிருப்ப. அதான் ஒட்டல. கத்திப் படி!" ரோசாலி கத்திப் படித்தாள். சந்தின் கோடி வரை கேட்டது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என மூன்று பக்கங்களும் தலைக்கு ஏறின. கத்திப் படித்ததால் இந்த எழுத்துகள் வேகமாக ஓடின.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. டப்பா கொள்ளாமல் எழுத்துகள் வெளியே வந்தன. உப்பு ஜாடியில் இருந்தன, விளக்குத் திரியில் இருந்தன. கஞ்சியில் வால் வைத்த ஓர் எழுத்து மிதந்தது. மிக்கேலின் காதுக்குள் ஒன்று புகுந்து இரண்டு நாள் மில்லில் குடைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் சொறிந்துகொண்டே இருந்தார்கள். பிரெஞ்சு அந்நிய மொழி, அதனால்தான் இப்படி என்று ஆரோக்கியம் நினைத்தாள். சோதித்துப் பார்க்கக் கோயிலில் படிக்கும் தமிழ் ஞானோபதேசப் புத்தகத்தைக் கொடுத்தாள். ரோசாலி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நான்கு பக்கம் வெளுத்தது. தமிழ் எழுத்துகள் பிரெஞ்சைவிட மோசம்: கொம்பும் சுழியும் முடியில் மாட்டிக்கொண்டு சீப்புக்கு வராமல் அடம்பிடித்தன. செய்தி பங்குக் கோயிலுக்கு எட்டியதும் சாமியார் பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆதிலட்சுமி தன் வீட்டு நாள்காட்டியைத் திருப்பி மாட்டினாள். உயிர்ப்பு ஞாயிறுக்குள் புத்தகத்தை இருந்தபடியே கொண்டுவராவிட்டால் பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாம் என்று மதாம் சொல்லி அனுப்பினார். உயிர்ப்புக்கு இன்னும் இருபத்து நான்கு நாள் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், ஆரோக்கியம் வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைக்கு வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் எழுத்து வந்த வண்ணம் இருந்தது. எரிச்சலில் கேட்டாள்.

"இவ்ளோ உன் தலையில ஊருதே, இதுல இன்னாதான்டி எழுதியிருக்கு?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா? நீதானே படிச்ச?"

"வாய்தாம்மா படிச்சுது" என்றாள் ரோசாலி.

ஆரோக்கியத்தின் கை நின்றது. அவள் இதுநாள்வரை படிப்பது என்றால் தெரிந்துகொள்வது என்றுதான் நினைத்திருந்தாள். நீதிபதியின் மனைவியான துரைசாணி கடுதாசியைப் பார்த்துச் சிரிப்பதையும், ஒருமுறை அழுததையும் அவள் பார்த்திருக்கிறாள். எழுத்துக்குள் ஆளும் ஊரும் சேதியும் இருக்கும், படிக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்பது அவள் நம்பிக்கை. தன் மகளும் மூன்று வருஷமாக எதையெல்லாமோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், தாய்க்குச் சொல்ல மனமில்லாமல் வைத்திருக்கிறாள் என்றே எண்ணியிருந்தாள். இப்போது பார்த்தால் பிள்ளையும் தன்னைப் போலவே வெளியேதான் நின்றிருக்கிறது. ஏமாந்த கோபமும் இரக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பகல்வேளையில் தரையில் உட்கார்ந்தாள்.

"பதினோராவது பக்கத்தச் சொல்லு. மெதுவா."

ரோசாலிக்கு எல்லாம் மனப்பாடம். ஒப்பிக்கத் தொடங்கினாள். நாலாவது சொல்லிலேயே ஆரோக்கியம் கையைத் தூக்கினாள். "நிறுத்து. சூப்னு சொன்னியே, அது எனக்குத் தெரியும். யாரோ சமைக்கிறாங்க. அப்புறம்?" இன்னும் கொஞ்ச தூரம் போனதும் "ஷூ" என்று வந்தது. "அது கோசு. கோசு போட்ட சூப்பு. துரை வீட்டுல செவ்வாக்கிழமை வெக்கிறது." பிறகு "ஃப்ருவா". ஆரோக்கியம் முகத்தைச் சுளித்தாள். "அது என்னைத் திட்டுற வார்த்த. சூப்பு ஆறிப்போனா துரைசாணி சொல்லுவா. சில்லுன்னு போச்சுன்னு அர்த்தம்." ரோசாலி தாயை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவிக்கான பிரெஞ்சுச் சொல் ரோசாலிக்கே தெரியும், விறகும் தெரியும், கை தெரியும், கதவு தெரியும். தெரியும் என்பதே அதுவரை தெரியாமல் இருந்தது. துண்டு துண்டாகச் சேர்த்ததில் இவ்வளவு ஆயிற்று: ஒரு கிழவி கோசு சூப் வைக்கிறாள், விறகு தீர்ந்துபோகிறது, விறகு பொறுக்க வெளியே போகிறாள், கை சிவந்துபோகிறது, அவள் கதவு வரைக்கும் சின்னச் சின்னக் காலடித் தடம் இருக்கிறது. எல்லாம் "நேஜ்" என்ற ஒன்றின் மேல் நடக்கிறது. அந்த நேஜ் என்னவென்று இருவருக்கும் தெரியவில்லை.

"தடம் விழுதுன்னா மணலா இருக்கும்" என்றாள் ஆரோக்கியம்.

"மணல்ல விறகு பொறுக்குனா கை ஏம்மா செவக்குது?" என்றாள் ரோசாலி. அது அவள் கேட்ட முதல் கேள்வி. டப்பாவுக்குள் பிறாண்டல் ஒரு கணம் அடங்கியது. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

அன்று தாமதமாகப் போனதற்காக ஆரோக்கியம் திட்டு வாங்கினாள். வாங்கி முடித்ததும் துரைசாணி எதிரே போய் நின்று, "நேஜ்?" என்றாள். அந்த அம்மாள் விசிறிக்கொண்டிருந்தவர், வியப்போடு பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி விரலை அசைத்துக் கீழே கொண்டுவந்தார். தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். கடைசியில் எழுந்து போய், வாரத்துக்கு மூன்று நாள் வண்டியில் வரும் ஐஸ் கட்டியை வைக்கும் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஐஸ் வானத்திலிருந்து விழுகிறதாம். துரைசாணி தன்னைக் கேலி செய்கிறாள் என்றே ஆரோக்கியம் நினைத்தாள். ஆனாலும் மத்தியானம் சமையல்காரன் கண்ணயர்ந்த நேரத்தில் தேங்காய் அளவு ஒரு துண்டை உடைத்து, மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு ஓடினாள். பங்குனி வெயில். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது இடுப்பிலிருந்து தண்ணீர் ஒழுகித் தெருவில் கோடு போட்டது. பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்துச் சிரித்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது எலுமிச்சம்பழ அளவு மிஞ்சியிருந்தது.

"கைய நீட்டு" என்றாள்.

ரோசாலி உள்ளங்கையில் வாங்கினாள். "எரியுதும்மா!" என்று கத்தினாள். சில்லென்று இருப்பது எரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஆரோக்கியம் மீதியை உரலில் போட்டு இரண்டு குத்துக் குத்தி, தட்டில் பரப்பினாள். வெள்ளையாகப் பொலபொலவென்று கிடந்தது. பிள்ளை அதன்மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். தடம் விழுந்தது. இன்னொன்று வைத்தாள். தட்டின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு சின்ன உருவம் நடந்துபோனது. இருவரும் குனிந்து, அது உருகி நீராகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ரோசாலி சொன்னாள்: "ஒரு கெழவிம்மா. வூட்ல வெறவு தீந்துபோச்சு. வெளியில பூராவும் இந்த மாதிரி கொட்டிக் கெடக்குது. அவ பொறுக்கப் போறா. கை எரியுது, அதான் செவப்பா இருக்குது. திரும்பி வந்து பாத்தா யாரோ ஒரு சின்னப் புள்ள வெறுங்காலோட அவ வூட்டு வாசலுக்குப் போயிருக்குது. பாவம், அதுக்கும் எரிஞ்சிருக்கும்ல?"

புத்தகத்தில் 'பாவம்' என்று எங்கும் இல்லை. அதை அவளே போட்டாள். டப்பாவின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, ஈரத் தட்டைச் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த பதினோராம் பக்கத்தில் ஏறித் தத்தம் இடத்தில் படுத்தன. அவள் முடியிலிருந்தும் காது வழியாகக் கொஞ்சம் இறங்கின. நசுங்கிய ஆறு எழுத்துகளின் இடம் மட்டும் பல் விழுந்ததுபோல ஓட்டையாக இருந்தது. ஆரோக்கியம் மூக்கைச் சிந்திவிட்டு, மீண்டும் வேலைக்கு ஓடினாள்.

உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பும் கேள்வியும் சேர்ந்தே எரிந்தன. காய் நறுக்கும்போது, தண்ணீர் இழுக்கும்போது, பாலம் வரைக்கும் சேர்ந்து நடக்கும்போது ஆரோக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் வந்தது? எங்கே? எதற்கு அப்படிச் செய்தான்? பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "இப்ப அவன் இன்னா செய்வான், சொல்லு பாப்போம்" என்பாள். பிள்ளை ஒன்று சொல்லும், தாய் ஒன்று சொல்லுவாள், புத்தகம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். சில நாள் புத்தகத்தைவிடத் தாய் சொன்னது நன்றாக இருந்தது. தெரியாத சொல்லை ஆரோக்கியம் முந்தானையில் முடிந்து வைத்ததுபோல வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கிழக்கே கொண்டுபோவாள். துரைசாணி காட்டுவதை மாலையில் மேற்கே கொண்டுவருவாள். நரி என்ற சொல்லுக்குப் பெட்டியிலிருந்து நரித்தோலில் செய்த கழுத்துத் துணி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்க்கக் கொடுத்தார். அந்த வாசனை கையில் இருக்கும்போதே ஆரோக்கியம் ஓடி வந்து மகளை முகரச் சொன்னாள். மிக்கேலுக்கு இது பிடிக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் காதில் விழுந்தது பேச்சுத்தான். "படிக்கிற புள்ளய உக்கார வெச்சுக் கத பேசிக்கினு இருக்கிற. எப்பத்தான் படிக்கும்?" என்று கத்தினான். "இதான்யா படிப்பு" என்றாள் ஆரோக்கியம். அவன் நம்பவில்லை. பத்துப் பக்கம் திரும்பியது. பதினாறாம் பக்கம் மட்டும் வரவில்லை. அதில் யாரோ யாரையோ நினைத்து ஏங்குவதாகத் துரைசாணி சொல்லத் தொடங்கி, அழுதுவிட்டு, உள்ளே போய்விட்டார். மறுபடி கேட்க ஆரோக்கியத்துக்கு வாய் வரவில்லை. மதாம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் போனால் போகட்டும் என்று பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். ஞானோபதேசத்தின் நான்கு பக்கங்களும் அந்த ஆண்டு மழைக்காலத்துக்குள் திரும்பிவிட்டன.

அடுத்த மூன்று ஆண்டுகளில் குறிப்பிட அதிகமில்லை. புதுப் பாடம் வந்தால் எழுத்துகள் கொஞ்சம் காலைத் தூக்கிப் பார்க்கும். ரோசாலி நிறுத்தி யோசித்தால் படுத்துக்கொள்ளும். சில நேரம் தவறும். அப்போது சீப்பு இருந்தது. ஆரோக்கியத்தின் பிரெஞ்சு நூற்றுப் பத்துச் சொற்களாக வளர்ந்தது.

1935இல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. முழுக்கப் பிரெஞ்சு. கீழே மேசை போட்டு மைப்பெட்டி வைத்திருந்தார்கள். மேஸ்திரி காத்தவராயன் நின்றுகொண்டு, "எல்லாம் பழையபடிதான் எழுதியிருக்குது. ரேகைய வெச்சிட்டு வேலைக்கு வாங்க" என்று கூவினான். அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது. அவனிடம் சொல்லியிருந்ததை அவன் சொன்னான். வீட்டில் பானை காலியாக இருந்தவர்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். மிக்கேலோடு ஒரே வரிசையில் வேலை செய்யும் தேவதாஸ் சொன்னான்: "மிக்கேலு, உன் பொண்ணு பிரெஞ்சு படிக்குதே. ஒருதரம் கூட்டியாயேன்."

மிக்கேல் வீட்டுக்கு வந்து கேட்டபோது ஆரோக்கியம் முடியாது என்றாள். பள்ளிப் புத்தகம் வேறு, இது வேறு. புரியாமல் படித்து அறிவிப்பு வெளுத்துப்போனால் மில் அறிவிப்பை அழித்துவிட்டதாக ஆளைப் பிடிப்பார்கள். முதலில் பிடிப்பது மிக்கேலைத்தான். "அது சின்னப் புள்ளய்யா" என்றாள். மிக்கேல் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்போது பதினொரு வயது ரோசாலி செருப்பில்லாத காலோடு வாசலில் தயாராக நின்றாள். "நான் மெதுவா படிக்கிறேம்மா" என்றாள். ஆரோக்கியம் பேன்சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே போனாள்.

கூட்டம் வழிவிட்டது. ரோசாலி சுவருக்கு எதிரே நின்று முதல் வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள்: திங்கட்கிழமை முதல் மில் திறக்கும். சரி. இரண்டாவது வரி: ரேகை வைப்பவர்கள் கீழே சொன்னதற்கு ஒப்புக்கொண்டவர்கள். அதுவும் சரி. மூன்றாவது வரியில் வந்து நின்றாள். "ஒவ்வொரு ஆளும் நானூறு ப்ரோஷ் பாத்துக்கணும்." அந்த வரியின் எழுத்துகள் காலைத் தூக்கின. ஒன்று சுவரிலிருந்து தாவி அவள் நெற்றியில் ஏறுவதை ஆரோக்கியம் பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். "நோட்டீச அழிக்குதுடா இந்தப் பொண்ணு! போலீசக் கூப்பிடு!" என்று காத்தவராயன் அலறினான்.

"நிறுத்து. மேல படிக்காத" என்றாள் ஆரோக்கியம். "எது புரியல?"

"ப்ரோஷும்மா."

"அது எனக்குத் தெரியுமே. துரை வீட்டுல கோழிய குத்திச் சுடற கம்பி."

கூட்டம் சிரித்தது. ஒவ்வொரு ஆளும் நானூறு கோழி சுடுவதாம். ரோசாலியும் தலையை ஆட்டினாள். "பொருந்தலம்மா. மில்லுல எதுக்குக் கோழிக் கம்பி?" மேலும் நான்கு எழுத்துகள் தாவின. மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினான். திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டில் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்தக் கம்பி எப்படி இருக்கும்?"

"நீட்டா. மொன கூரா" என்று அவள் கையால் காட்டினாள்.

"சும்மா இருக்குமா?"

"சுத்தும். கோழி நல்லா வேகணுமே, சுத்திக்கினே இருக்கும்."

"இரும்புக் கம்பி. கூரா. சுத்திக்கினே இருக்கும்" என்று மிக்கேல் முணுமுணுத்தான். அவன் வலது கை, பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில், காற்றில் அறுந்த நூல் ஒன்றைப் பிடித்து முடிந்தது. தன் கையையே பார்த்தான். பிறகு இயந்திரங்களுக்கு மேலே கேட்டுப் பழகிய குரலில் கத்தினான்: "கதிரு! நூலு சுத்துற கதிரத்தான்டா சொல்றான்! நானூறு கதிரு!"

யாரும் சிரிக்கவில்லை. ரோசாலி தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்: "முன்ன எத்தினிப்பா?"

"இருநூறு" என்று மூன்று வரிசை ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்பன்னா ரெண்டு ஆளு வேலய ஒரு ஆளு செய்யணும்னு எழுதியிருக்குது. மீதி ஆளு வேணாம்னு அவங்க எழுதல. ஆனா அதான்" என்றாள் ரோசாலி. அவள் நெற்றியிலிருந்த எழுத்துகள் திரும்பித் தாவிச் சுவரில் போய்ப் படுத்தன. படுத்ததோடு நிற்காமல் உள்ளே இறங்கின. ரேகை வைக்க யாரும் போகவில்லை. சாயங்காலம் மில்காரர்கள் அறிவிப்பைக் கிழித்தபோது காகிதம் மட்டும் வந்தது. எழுத்து சுவரில் இருந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். மூன்று பூச்சுக்குப் பிறகும் தெரிந்தது. நானூறு என்ற எண் மட்டும் மற்றவற்றைவிடத் தடித்துத் தெரிந்தது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் இருநூறு கதிரே போதும் என்று ஒப்புக்கொண்டு கதவைத் திறந்தார்கள். சுவரை இடித்துக் கட்டச் சித்திரை மாதம் ஆயிற்று.

அறிவிப்பைப் படித்த மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மிக்கேல் மகளிடம், கூடியவரை மெல்லிய குரலில், "அந்தப் புஸ்தகத்துல கெழவி வூட்டுக்கு வந்தது யாரு?" என்று கேட்டான். மூன்று ஆண்டாக அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

1936 ஜூலை முடிவில் மில் தொழிலாளர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டைப் பொறுத்தவரை, மிக்கேல் இடது தோளில் ஒரு தழும்போடு திரும்பி வந்தான், தேவதாஸ் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எட்டு மணி நேர வேலை சட்டமாகி நடைமுறைக்கு வந்தது. மிக்கேல் பகல் வெளிச்சத்தில் தன் மகளின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் பார்க்கத் தொடங்கினான். அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டான். வரிக்கு ஒன்று, சில நேரம் சொல்லுக்கு ஒன்று. "யாரு சொன்னான்? ஏன் சொன்னான்? சொல்லாம இருந்தா இன்னா?" பதினான்கு வயது ரோசாலி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அப்பா, கொஞ்சம் படிக்க வுடு" என்றாள். ஆரோக்கியம்தான் பஞ்சாயத்து செய்தாள். "ரெண்டு கேள்வி போதும்யா. மூணாவது கேட்டா அது போலீசு வேல." அவன் சிரமப்பட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டான். ரோசாலி தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினாள். ரயிலடிச் சந்தில் வேறு பிள்ளைகளின் தலையிலும் எழுத்து காணப்பட்டது. வேர்க்குருவைப் போல, கோடையில் அதிகம். தாய்மார்கள் வாரிவிட்டுக்கொண்டே "அதுல இன்னாடா இருக்கு, சொல்லு" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சீப்பு விற்பவன் வாரம் இருமுறை வந்தான்.

1938இல், நாற்பது வயதுக்கு ஒன்று குறைய இருந்தபோது, மிக்கேல் தமிழ் முதல் பாடப் புத்தகத்தை எடுத்துத் தானே எழுத்துக் கூட்டத் தொடங்கினான். மகள் சொல்லிக்கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றான். பதினான்காம் பாடத்தில், மழையில் ஒருவன் புதுக் குடை வாங்கிக்கொண்டு நனைந்தபடியே வருவதைப் பற்றிய வாக்கியத்தை அரை மணி நேரம் கூட்டி முடித்தான். வாக்கியம் எழுந்தது. வழுக்கைத் தலையில் தங்க இடமில்லாமல் சறுக்கி, மீசைக்குள் போய்ப் புகுந்தது. ஆரோக்கியம் சீப்பை எடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வுடு. நானே பாத்துக்கிறேன்." மீசையில் ஒரு வாக்கியத்தோடு மூன்று நாள் மில்லுக்குப் போய்வந்தான். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது 'னை' ஒன்று கஞ்சியில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டான். மூன்று நாளும் அவன் நெற்றியில் ஒரு சுருக்கம் போகாமல் இருந்தது. ஆரோக்கியத்துக்குக் கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் அவன் கிணற்றடியில் குளிக்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆரோக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திடீரென்று சந்தே கேட்கும்படி ஒரு சிரிப்பு வெடித்தது. தொடர்ந்து, கயிறு ஓடி வாளி தண்ணீரில் விழும் சத்தம். ஈரத் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றான் மிக்கேல். கண்ணில் நீர் வழிந்தது.

"ஆரோக்கியம்! அவன் கொடைய சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டான்டி! கொட நனஞ்சுடுமாம்!"

ஆரோக்கியம் நிமிர்ந்து அவன் மீசையைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் நரை தெரிந்தது.

"சரி, சிரிச்சது போதும். வாளிய எடு மொதல்ல" என்றாள்.

ஆதிலட்சுமி வீட்டிலிருந்து பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வாளியை எடுக்க வெள்ளிக்கிழமை ஆயிற்று.